உள்ளே எல்லாம் மண்ணு

எங்கள் அத்தான் இராஜமாணிக்கத்திடம் "உங்களுக்கு வங்காளம் நல்லாத் தெரியுமே" என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "தெரியும்னு சொல்லாத மாப்ள, வரும்னு சொல்லு" என்பார். தெரிவது வெளியூர்க்காரனுக்காம், வருவது உள்ளூர்க்காரனுக்காம். ஹவுராவில் பிறந்து, ஹவுராவில் படித்து, ஹவுராவிலேயே வேலை பார்த்த மனிதர். சந்தையில் அவர் பேரம் பேசினால் பக்கத்துக் கடைக்காரரும் காதைத் தீட்டிக்கொள்வார். "தாதா, நீங்க மதராஸின்னு நம்பவே முடியல" என்று யாராவது அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் யாருமே சாப்பிடாத புடலங்காய்கூடப் பை நிறைய வந்து இறங்கும்.

நான் அவருடைய மச்சினன், நடராஜன். கல்கத்தா அலிப்பூரில் இருக்கும் மத்திய அரசு ஆபீசுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் வங்காளம் கடைவீதி வங்காளம். வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. பெயர்ச்சொல்லைச் சொல்லி விரலை நீட்டுவேன். அத்தானுக்கு நான் ஒரு இலவசப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பேசவைத்து வேடிக்கை பார்ப்பார். ஆனால் இந்தக் கதையில் தலைகுப்புற விழுந்தது வங்காளம் வருகிறவர்தான். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு, மறைப்பானேன்.

அத்தானின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்க வந்து ஹவுராவிலேயே நிலைத்தவர். அத்தான் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து அங்கேயே ஒரு ஃபவுண்டரியின் டிராயிங் ஆபீசில் சேர்ந்தார். முதலில் பென்சிலும் ஸ்கேலும், பிறகு கம்ப்யூட்டர். பம்பு உறுப்புகளுக்காக இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் அந்த அச்சு எப்படி இருக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. "என் கோடு கோணுச்சுன்னா எங்கயோ ஒரு கிணத்துல தண்ணி ஏறாது" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பெருமை அடித்துக்கொள்வதை நான் கிண்டல் செய்வதில்லை. உண்மையிலேயே கெட்டிக்காரர்.

அந்த ஃபவுண்டரி தன் டிராயிங் ஆபீசை மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் மாதக்கணக்கில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். தமிழும் பேசவில்லை, வங்காளமும் பேசவில்லை. காய்கறிக்குக்கூட அக்காதான் போனாள். கணவன் வேலையில்லாமல் இருப்பதைவிட அவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவளை வாட்டியது. "திட்டவாவது செய்யுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன் தம்பி, அதுவும் மாட்டேங்காக" என்று போனில் என்னிடம் அழுதாள். நான் அப்போது மதுரையில் இருந்தேன். அங்கிருந்துகொண்டு என்ன செய்ய முடியும், நானும் கூடச் சேர்ந்து கலங்கினேன்.

பிறகு சாமி கண்ணைத் திறந்தது. ஹவுராவில் வார்ப்பு வேலை கொடுத்துவந்த கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே படம் வரைந்து தர முடியுமா என்று அத்தானைக் கேட்டது. மறுவாரமே வீட்டில் ஒரு புது கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைப் பூட்டிக் கொடுத்தவர் அதே தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் புல்ட்டு. வாய் நிறைய பான், பேச்சு பாதி உள்ளேயே தங்கிவிடும். இந்தப் பெட்டி புது மாடல், கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். இதில் மேலே இல்லை, அடியில் இருக்கிறது, தரைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சோறு போடும் சாமானைத் தரையில் வைப்பதா? அக்கா தன் கல்யாண மணையை எடுத்து வந்து, அதன் மேல் அந்தப் பெட்டியை உட்கார வைத்தாள். அத்தான் மறுபடி பேச ஆரம்பித்தார். நான் மாற்றலாகி வந்ததும் என் வங்காளத்தைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார். எனக்கே அது நிம்மதியாக இருந்தது.

இனி அக்காவைப் பற்றி. அவள் பெயர் கோமதி என்றாலே ஊர் எதுவென்று தென்பாண்டிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். சங்கரன்கோயில். எங்கள் ஊரில் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. தலைவலித்தால் நெற்றியில் பூசுவோம், வயிறு வலித்தால் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடிப்போம், பாம்பு, பல்லி, பூச்சிபொட்டு அண்டாமலிருக்க வீட்டு மூலையில் தூவுவோம். நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு பை நிறைய மண் கொண்டுவர வேண்டும். வேறு எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, அதை மறந்தால் கிடையாது.

"ரயில்ல மண்ணு ஏத்திக்கிட்டு வார ஒரே குடும்பம் உங்க குடும்பம்தான் மாப்ள" என்பார் அத்தான். "கங்கைக் கரையில இருக்கோம். இங்க மண்ணுக்கா பஞ்சம்?"

"உங்களுக்கு என்ன தெரியும்? எல்லா மண்ணும் ஒண்ணா?" என்று அக்கா உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள். இது அவர்கள் வீட்டில் வழக்கமான சண்டை. யாரும் ஜெயித்ததில்லை.

போன சித்திரையில் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சனி பிடித்தது. கல்கத்தா வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்; குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் மறுபடி குளித்தது மாதிரி ஆகிவிடும். அத்தான் கோயம்புத்தூர்க்காரர்களோடு வீடியோவில் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரை கறுத்துவிட்டது. கரண்ட் இருக்கிறது, விசிறி ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அமுக்கினால், ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து உட்காருகிறது. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தால் தோசைக்கல்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் ஒன்றும் இல்லை, நன்றாக ஓடியது. அடுத்த நாள் மறுபடி செத்தது. இதுதான் அத்தானைப் பைத்தியமாக அடித்தது. கெட்டுப்போனால் முழுசாகக் கெட்டுப்போக வேண்டும், இல்லையென்றால் ஒழுங்காக ஓட வேண்டும். இந்த இரண்டுங்கெட்டான் நோய் டிராஃப்ட்ஸ்மேன் மூளைக்குப் பிடிபடவில்லை. படத்தில் கோடு இருக்கும், அல்லது இருக்காது. சில நாள் மட்டும் இருக்கிற கோடு என்று ஒன்று உண்டா?

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிர்வீட்டு மாஷிமா, அங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வோல்டேஜ் என்றாள். ஆபீசில் என் பக்கத்துச் சீட்டுக்காரர் வைரஸ் என்றார். நான் வெயில் என்றேன். அத்தான் ஜன்னலுக்குத் திரை போட்டார். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். ஒரு டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத் தான் வேர்வையில் நனைந்துகொண்டு வேலை செய்தார். அடிக்கடி எழுந்துபோய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி அதைத் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் புரியாமல் திரும்பி வந்து உட்காருவார்.

"ஏங்க, அது பாம்பு மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறுது, கேட்டியளா?" என்று இந்தத் தொல்லையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே அக்கா ஒருநாள் கேட்டிருந்தாள்.

"அது உள்ள இருக்க ஃபேன் சத்தம்ளா. சூட்டுக்கு வேகமாச் சுத்துது. போய் உன் சோலியப் பாரு."

அவளும் போய்த் தன் சோலியைப் பார்த்தாள். எந்தச் சோலி என்று அவர் கேட்கவில்லை.

கடைசியில் புல்ட்டுவைக் கூப்பிட்டார். அவர் வந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். எஸ்.எம்.பி.எஸ்.தான் கொதிக்கிறது, கடைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று அந்தப் பாகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். நான் திறந்து பார்க்கட்டுமா என்று அத்தான் கேட்டதற்கு, தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், ஆளை அடித்துவிடும் என்றார். சாயந்திரம் கடையிலிருந்து போன் செய்தார். பான் குதப்பலுக்கு நடுவே அவர் சொன்னது இதுதான்:

"தாதா, பெதொரே ஷோப் மாட்டி."

உள்ளே எல்லாம் மண்ணு. மாட்டி என்றால் வங்காளத்தில் மண். ஆனால் நம்மூரில் மண்ணாப் போச்சு என்று சொல்வதில்லையா, அங்கேயும் அப்படித்தான். மழை வந்து பூஜை கெட்டால் பூஜை மாட்டி. பரீட்சை கெட்டால் வருஷமே மாட்டி. பாஷை வருகிறவர் அல்லவா நம் அத்தான்! ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மண்ணாப் போச்சா? சரி, தூக்கிப் போடு. புதுசு ஒண்ணு மாட்டிரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். உள்ளூர்க்காரருக்கு வரும் என்பது இதைத்தான்.

புல்ட்டுவும் மறுநாள் வந்து புதியதைப் பொருத்திவிட்டு, மணையின் மேல் பெட்டியை உட்கார வைத்துவிட்டுப் போனார். அவர் ஏன் மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்கலாம். சொல்லியாயிற்று என்று அவர் நினைத்தார். கேட்டாயிற்று என்று இவர் நினைத்தார்.

கொஞ்ச நாள் ராஜா மாதிரி ஓடியது. அத்தான் என்னை போனில் கூப்பிட்டு ஒரு புது வங்காளப் பழமொழி சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது வாயில் நுழையவில்லை, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒருநாள் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சீற ஆரம்பித்தது. கோயம்புத்தூர் மீட்டிங் நடுவில் திரை கறுத்தது. அடுத்த மீட்டிங்கிலும் கறுத்தது.

கோயம்புத்தூரில் அவருக்கு மேலே இருப்பவள் பிரியங்கா என்று ஒரு பெண். மரியாதை தெரிந்த பெண்தான். அன்றைக்கு போனில் கூப்பிட்டாள். "சார், நான் உங்களுக்காகத்தானுங்க பேசிட்டிருக்கேன். ஆனா திங்கக்கிழமை கஸ்டமரும் மீட்டிங்ல இருப்பாங்க. முழு டிராயிங்கும் நீங்கதான் விளக்கோணும். அன்னிக்கும் இப்படி நடுவுல காணாமப் போயிட்டீங்கன்னா, வேலைய இங்க ஆபீசுக்கே மாத்தச் சொல்லிருவாங்க சார். என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டு அத்தான் பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். அக்கா அதைப் பார்த்தாள். எனக்கு போன் செய்தாள். "பழைய மாதிரியே நிக்காக தம்பி. நீ உடனே வா."

நான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். வழக்கமாக வாசலிலேயே என் வங்காளத்தைச் சோதிப்பவர் அன்றைக்கு வா என்று மட்டும் சொன்னார். முகம் காய்ந்துபோயிருந்தது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஹூக்ளி ஆற்றில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியல மாப்ள" என்றார். "பழசும் சூடாச்சு, புதுசும் சூடாகுது. வெயில்னு சொன்ன, நேத்து மழை, குளுகுளுன்னு இருந்துது, அப்பவும் செத்துது. வோல்டேஜுன்னாங்க, ஸ்டெபிலைசர் வச்சாச்சு. ஒருவேளை நான்தான் ஏதும் தப்பாப் பண்ணுதேனோ? வயசாயிட்டுல்லா. எதையோ அமுக்கி, எதையோ..."

அப்படி அவர் தன்னையே சந்தேகப்பட்டதை நான் பார்த்ததில்லை. புல்ட்டுவுக்குப் போன் பண்ணுங்க, ஸ்பீக்கரில் போடுங்க என்றேன். புல்ட்டுவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கம் கலைந்த எரிச்சல். அத்தான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஆபார் மாட்டி?" என்றார்.

அத்தான் கையை விரித்தார். "கேட்டியா? மறுபடி மண்ணாப் போச்சாங்கான். நம்ம நேரம் அப்படி."

எனக்கு மாட்டி என்ற சொல் நன்றாகத் தெரியும். என் கடைவீதி வங்காளத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். என் மனைவி மாடியில் கறிவேப்பிலை வளர்க்கிறாள். தள்ளுவண்டியில் தொட்டிச் செடிக்கு மண் விற்றுக்கொண்டு வருபவர் மாட்டி, மாட்டி என்று கத்துவார். நான் ஓடிப்போய் மூட்டை தூக்குவேன்.

"அத்தான், என்ன மண்ணுன்னு கேளுங்க" என்றேன்.

"என்ன மண்ணா? ஏ மாப்ள, அது பேச்சு வழக்கு. கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உனக்கு எத்தனை தடவை சொல்லிக் குடுக்கது?"

எனக்குச் சுருக்கென்றது. போனைப் பிடுங்கினேன். வினைச்சொல் இல்லாத என் வங்காளத்தில் உரக்கக் கேட்டேன்: "புல்ட்டுதா! மாட்டி? டோபேர் மாட்டி?" தொட்டி மண்ணா?

"ஹேன், ஹேன்!" என்று அந்தப் பக்கம் உற்சாகமாகிவிட்டது. "லால் மாட்டி!" சிவப்பு மண். பிறகு அவர் சரமாரியாக என்னவோ சொல்ல, அத்தானின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடையில் திறந்து தட்டினால் கை நிறையச் சிவப்பு மண் கொட்டியதாம். ஃபேன், காற்று ஓட்டை எல்லாம் அப்பிக் கிடந்ததாம். நான்தான் அன்றைக்கே சொன்னேனே தாதா, நீங்கள்தான் தூக்கிப் போடு என்றீர்கள். ஹவுராவில் கரித்தூசி பார்த்திருக்கிறேன், பஞ்சுத்தூசி பார்த்திருக்கிறேன், இந்தச் சிவப்பு மண்ணை எங்கும் பார்த்ததில்லை, உங்கள் மதராஸிகள் கம்ப்யூட்டருக்குள் செடி வைப்பீர்களோ என்று நானே குழம்பிக் கிடந்தேன் என்றார்.

நாங்கள் இருவரும் மண்டியிட்டுப் பெட்டியை மெல்லச் சாய்த்தோம். மணையின் மேல், அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி, கோலம் போட்டது மாதிரி சிவப்பு மண். நடுவில், ஃபேன் காற்றை உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே மட்டும், துடைத்துவிட்டது போல வெறும் பலகை.

"கரையானா?" என்றார் அத்தான். அந்த நேரத்திலும் அவருக்குப் புரியவில்லை. "மணையில கரையான் புத்து வச்சிருக்கோ?"

எனக்குப் புரிந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவன் நான்தானே. ஆனால் எப்படி வாயைத் திறப்பது?

திறக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா காபியோடு ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாய்த்துவைத்த பெட்டியையும், மணையையும், எங்கள் கைகளில் ஒட்டியிருந்த சிவப்பையும் பார்த்தாள். "புத்து இல்லங்க" என்றாள். "புத்துமண்ணு. சீறுதுன்னு சொன்னேன்லா. நீங்க ஃபேனுன்னிய. எனக்கு மனசு கேக்கல. விஷம் எதுவும் அண்டக் கூடாதுன்னு வெளக்கு ஏத்திட்டு ஒரு சிட்டிகை அடியில போட்டேன். அப்புறம் அது நின்னு நின்னு போச்சா, ரெண்டு நேரமும் போட்டேன். புதுசு வந்தப்பெறவு அதுவும் சீறவும்..." கையைக் குவித்துக் காட்டினாள். அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

வியாதி முற்ற முற்ற மருந்தைக் கூட்டியிருக்கிறாள், மருந்து கூடக் கூட வியாதி முற்றியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. அத்தானைப் பார்த்தேன். அவர் விரலில் ஒட்டிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. காபித் தம்ளரைத் தரையில் வைத்தாள். "ஐயையோ" என்றாள். "அப்படின்னா உங்க பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனா?"

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். பகையாளியைப் பார்த்துச் சொல்கிற சொல் அது. காலம் காலமாக எத்தனையோ பேர் யார் யாரையோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். உண்மையிலேயே கையால் அள்ளி, அதுவும் சாமி கும்பிட்டுவிட்டு அள்ளி, ஒருவர் பிழைப்பில் மண் போட்டது உலகத்தில் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எழுந்து, கையைக் கழுவாமலேயே பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ரூமில் நானும், சாய்ந்து கிடந்த பெட்டியும், ஆறிக்கொண்டிருந்த காபியும்தான் மிச்சம்.

மத்தியானம் புல்ட்டு ஒரு புளோயரோடு வந்தார். பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் காற்றடித்தார். சிவப்பு மேகம் ஒன்று கிளம்பி எதிர்வீட்டு மாஷிமா காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவை மேல் போய் இறங்கியது. அந்த அம்மாள் ஜன்னலுக்கு வந்து போட்ட கூச்சலுக்கு வழக்கமான அத்தானாக இருந்தால் சமமாகப் பதில் கொடுத்திருப்பார். அன்றைக்குக் கைகூப்பினார். புல்ட்டு எல்லாவற்றையும் பூட்டி, பெட்டியின் அடியில் காற்று தாராளமாகப் போக இரண்டு செங்கல் வைத்து, மண்ணை மட்டும் அண்ட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் வழியில், உண்மையில் வழியே இல்லை, சுற்றிக்கொண்டு அங்கே போனேன். மனசு கேட்கவில்லை. அக்கா சமையலறை வாசலைத் தாண்டாமல் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இனிமேல் அந்த ரூமுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாளாம். புற்றுமண் பையை முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினாள். "இத எடுத்துட்டுப் போயிரு தம்பி. உன் கறிவேப்பிலைக்குப் போடு."

அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மீட்டிங் தொடங்கப் போகிறது. பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேற்று சுத்தம் செய்ததெல்லாம் சரிதான், ஆனால் புதுசு வாங்கி மாட்டினபோதும் சரியாகிவிட்டது என்றுதானே நினைத்தோம்? அந்த மெஷினை இனி எப்படி நம்புவது?

"ஏளா, கோமதி" என்று கூப்பிட்டார்.

அக்கா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த மண்ணக் கொண்டா."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோபத்தில் ஜன்னல் வழியாக வீசப்போகிறாரா? நான் பையை அவளிடமே கொடுத்தேன். தயங்கித் தயங்கி, சத்தியத்தையும் மீறி, அக்கா ரூமுக்குள் போனாள். அத்தான் நாற்காலியைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெற்றியை நீட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து புற்றுமண்ணைக் கிண்டல் செய்த நெற்றி.

அக்காவுக்குக் கை எழவில்லை. "என்னத்துக்குங்க? நான் செஞ்சது போதாதா?"

"அதுக்கு மூச்சு முட்டும். எனக்கு முட்டாது. போடு" என்றார். அவள் விரலில் மண்ணைத் தொட்டதும் உடனே சொன்னார்: "கொஞ்சமாப் போடு. இதுவும் அடைச்சிரப் போவுது."

அக்கா பூசிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் செங்கல் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துக்கொண்டேன். மீட்டிங் முழுவதும் எடுக்கவில்லை. அத்தான் படத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். எந்தச் சுவர் எவ்வளவு தடிமன், இரும்பு எந்தப் பக்கம் ஓடும், எங்கே குமிழ் விழும் என்று சொல்லிக்கொண்டே போனார். முதலில் குரல் தடுக்கியது, போகப்போகச் சந்தையில் பேரம் பேசுகிற குரல் வந்துவிட்டது. கஸ்டமர் ஏதோ குறுக்குக் கேள்வி கேட்டார். அத்தான் சிரித்துக்கொண்டே அவரை மடக்கினார். பெட்டி லேசாக வெதுவெதுப்பாகியது, அவ்வளவுதான். சீறவே இல்லை.

கஸ்டமர் திருப்தியாகப் போய்விட்டார். பிரியங்கா மட்டும் திரையில் இருந்தாள். அடுத்த பம்புக்கான படத்தையும் இவரே வரைய வேண்டும் என்றாள். அத்தான் தலையாட்டினார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், ஒண்ணு கேக்கலாங்களா? நெத்தியில என்னங்க, அடி பட்டுருச்சுங்களா?" என்றாள்.

அத்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்லம்மா. இங்க சூடாகாம இருக்கதுக்குப் போட்டது."

பிரியங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கம்ப்யூட்டருக்குங்களா சார்?" என்றாள்.

"கம்ப்யூட்டருக்குப் போட்டதுல மிச்சம்மா" என்றார் அத்தான், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே. "எனக்கு இப்பத்தான் கெடச்சுது."